எழுபத்தொன்பதாவது துளை

அத்தியாயம் 1

“என்னயக் கொன்னது யாருன்னு கண்டுபுடிச்சுக் குடுங்கம்மா” என்றாள் வந்தவள்.

யூனிஸ் நிமிர்ந்து பார்த்தாள். வந்தவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். தலையில் கட்டியிருந்த துண்டு பனியில் நனைந்திருந்தது. கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனிகளெல்லாம் கறுத்திருந்தன. பேயாக இருக்க வாய்ப்பில்லை. பேய்க்குக் குளிராது; இவளுக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது.

மூலையில் ஸ்டவ்வைப் பற்ற வைத்துக்கொண்டிருந்த செல்லக்கண்ணு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஏனுங் மேடம், செத்தவங்களே நேர்ல வந்து கேஸ் குடுக்கறது நம்ம கம்பெனியில இதுதானுங் மொதல் தடவை. டீ ரெண்டா, மூணா?”

“மூணு” என்றாள் யூனிஸ். “உட்காருங்கம்மா.”

குன்னூரில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்த அந்த ஒற்றை அறைதான் ‘யூனிஸ் துப்பறியும் நிலையம்’. யூனிஸ் துப்பறிய வந்ததே ஒரு விபத்து. சென்னையில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவள். கம்பெனி ஒருநாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு நாட்டை விட்டே போய்விட்டது. ஊருக்குத் திரும்பினாள். அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, புரோகிராமில் பிழை தேடுவதும் மனிதர்களிடம் பிழை தேடுவதும் ஏறக்குறைய ஒரே வேலைதானே என்று பலகையை மாட்டிவிட்டாள். காணாமல் போன நாய்களும், கல்யாணத்துக்கு முன்னால் விசாரிக்க வேண்டிய மாப்பிள்ளைகளுமாகப் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. தனிமை பழகிவிட்டது என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்வாள். சுத்தப் பொய். செல்லக்கண்ணு சாயங்கால பஸ்ஸைப் பிடித்துப் போனபிறகு ரேடியோவில் செய்தி வாசிப்பவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிற பெண் அவள்.

செல்லக்கண்ணு மேட்டுப்பாளையம் – ஊட்டி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பையையும் விசிலையும் டிப்போவில் ஒப்படைத்துவிட்டு வாயை மட்டும் கையோடு கொண்டு வந்துவிட்டார்.

“பேரு ஆண்டாயிங்க. சிலோன்ல இருந்து வந்தவ” என்றாள் வந்தவள், டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. “கோத்தகிரி ரோட்டுல எங்களை மாதிரி ஆளுங்களுக்குன்னு கவருமெண்டு காலனி கட்டிக் குடுத்துருக்குல்ல? அதுல எனக்கு ஒரு காம்பரா, ஒத்த ரூமு. நேத்து ஆபீஸ்காரங்க வந்து, இந்தக் காம்பராக்காரி செத்துட்டா, சனிக்கெழம வேற குடும்பம் வருது, நீ யாரு, காலி பண்ணுங்கிறாங்க. நாந்தாங்க ஆண்டாயின்னேன். கம்ப்யூட்டர்ல செத்துட்டே, கம்ப்யூட்டரு பொய் சொல்லாதுங்கிறாங்க.”

“உங்களைப் பார்த்த பிறகுமா?”

“பாத்துக்கிட்டேதான் சொன்னாங்க.”

“மாலை போடாம போனாங்களே, அதுவரைக்கும் சந்தோசமுங்” என்றார் செல்லக்கண்ணு.

யூனிஸ் அவரை ஒரு பார்வை பார்த்தாள். “உயிரோடு இருப்பவர்களில் திரும்பச் சேர்க்க வழி சொன்னார்களா?”

“சொன்னாங்க. சிலோன்ல எங்கூட ஒரே தோட்டத்துல இருந்த ஆளு நேர்ல வந்து, இவ ஆண்டாயிதான்னு சொல்லணுமாம். யாருங்க இருக்கா? கப்பல் எறங்கி மண்டபம் கேம்ப்புக்கு வந்தோம். அங்கேயே எங்க தோட்டத்து ஆளுகளப் பிரிச்சு, கூடலூருக்கு, ஆந்திராவுக்குன்னு எங்கெங்கயோ ஏத்தி அனுப்பிட்டாங்க. எங்கூட்டுக்காரரு கேம்ப்புலயே காய்ச்சல்ல போயிட்டாரு. புள்ள குட்டி இல்ல. காலனியில இருக்கிறவங்க வேற வேற தோட்டம். நா உசிரோட இருக்கேன்னு சொல்ல ஒரு ஆளு இல்லம்மா.”

யூனிஸுக்கு அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. நாளைக்கே தன்னை யாராவது செத்துப்போனவள் என்று எழுதிவிட்டால், இல்லை என்று சொல்ல யார் வருவார்கள்? செல்லக்கண்ணு வருவார். கீழே பேக்கரிக்காரர் வருவார். அதற்கு மேல் யோசிக்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

“கிளம்புங்கள்” என்று எழுந்தாள். “கொலை நடந்த இடத்தைப் பார்ப்போம்.”

*

மறுவாழ்வு அலுவலகத்தின் அட்டை அறை, பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு தகரக் கூரைக் கட்டடம். கம்ப்யூட்டர் இருப்பது கோயம்புத்தூரில். இங்கே அட்டையில் துளை போடுகிற மெஷின் ஒன்றும், அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற தெய்வம்மாவும் மட்டும்தான்.

ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. பெயர், வயது, சிலோனில் இருந்த தோட்டம், இப்போது இருக்கும் இடம் எல்லாம் அதில் சின்னச் சின்னத் துளைகள். ஆள் இடம் மாறினாலோ செத்துப்போனாலோ புது அட்டை. வியாழக்கிழமைதோறும் அட்டைப் பெட்டி பஸ்ஸில் பர்லியாருக்கு இறங்கும். கோயம்புத்தூர் ஜீப் அங்கே வந்து அதை வாங்கிக்கொண்டு, போன வாரத்துப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும். ஜீப்புக்கு அதற்கு மேல் மலையேறத் தெம்பில்லை என்று டிரைவர் சத்தியம் செய்திருந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் தெய்வம்மாவுக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிட்டது. “நானுங்களா கொன்னேன்? சாவு அட்டை போடறதா இருந்தா, சாமிய நெனச்சுக்கிட்டுத்தானுங் நான் மெஷின்லயே கை வைப்பேன். இந்தம்மா பேருல போடவே இல்லைங்.”

“அட்டையைக் காட்டுங்கள்.”

தெய்வம்மா பெட்டியைக் குடைந்து இரண்டு அட்டைகளை எடுத்தாள். ஒன்று ஆண்டாயியின் பழைய அட்டை. மற்றொன்று போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து திரும்பி வந்த சாவு அட்டை. யூனிஸ் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மற்றவர்கள் பேப்பர் படிப்பது போல அவளுக்குத் துளைகளைப் படிக்க வரும். எத்தனை வருஷமாயிற்று! அவளோடு கடைசியாக மனம் விட்டுப் பேசியது இந்த மாதிரி ஒரு மெஷின்தான்.

“ஏன் தெய்வம்மா, இந்த அறையில் டீத்தூள் வைத்திருக்கிறீர்களா?”

தெய்வம்மாவின் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. “இ... இல்லீங்களே.”

யூனிஸ் குனிந்து பெட்டியை முகர்ந்தாள். மேல் அட்டை, நடு அட்டை, அடி அட்டை. எல்லாவற்றிலும் பேக்டரி வாசலில் வருகிற அதே வாசம். செல்லக்கண்ணுவும் தன் பங்குக்கு மூக்கை நுழைத்தார். “அட, நாலு அட்டையக் கொதிக்க வெச்சா டிகாஷனே எறக்கலாமுங்.”

“யாருகிட்டயும் சொல்லிராதீங்” என்று தெய்வம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். “இங்க பனியில அட்டை ஊறி உப்பிக்குதுங். கோயம்புத்தூரு மெஷின் அதைக் கடிச்சுத் துப்பிருது. திட்டு எனக்குத்தானுங் வருது. என்ற மாமன் டீ பேக்டரியில டிரையர் பாக்கறாரு. புதங்கெழம பெட்டியக் கொண்டுபோயி அந்தச் சூட்டுல காய வெச்சுட்டு வந்துருவேன். ஆபீசருக்குத் தெரிஞ்சா என்ற வேலை போயிருமுங்.”

“எல்லா அட்டையையுமா?”

“ஒண்ணு உடாமங்.”

யூனிஸ் ஆண்டாயியின் சாவு அட்டையைச் செல்லக்கண்ணுவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவர் கண்ணை மூடி ஆழமாக இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார்.

“வெறும் காயிதமுங் மேடம். டீ வாசமே அண்டாத அட்டை.”

“விறைப்பாகவும் இருக்கிறது. பனியே பட்டதில்லை” என்றாள் யூனிஸ். “இந்த அட்டை மலைமேல் பிறக்கவில்லை. கீழே, கம்ப்யூட்டர் பக்கத்திலேயே துளை போட்டு, இங்கிருந்து போன பெட்டிக்குள் சொருகியிருக்கிறார்கள். தெய்வம்மா, நீங்கள் கொல்லவில்லை.”

“நான்தான் சொன்னேனுங்களே” என்றாள் தெய்வம்மா.

யூனிஸுக்கு இன்னும் ஒன்று உறுத்தியது. எந்த இடத்துத் துளைக்கு என்ன அர்த்தம் என்று சுவரில் ஒரு படம் தொங்கியது. அது எழுபத்திரண்டாவது இடத்தோடு முடிந்துவிட்டது. பழைய அட்டையிலோ எழுபத்தொன்பதாவது இடத்தில் ஒரு துளை இருந்தது. சாவு அட்டையில் அந்தத் துளை இல்லை.

“இது என்ன?”

“தெரியாதுங். கேம்ப்புல ஏதோ கடைசிக் கேள்வி ஒண்ணு கேட்டாங்களாம். ஆமான்னு சொன்னவங்களுக்கு அங்க ஒரு ஓட்டை போடச் சொன்னாங்க, போட்டேன். எதுக்குன்னு கேக்கற எடத்துலயா நான் இருக்கேன்?”

“இன்றைக்கு வியாழன்தானே?”

“பர்லியாரு பஸ்ஸு இப்ப எடுத்துருவானுங்” என்றார் செல்லக்கண்ணு. “வாங்க, டிரைவரு நம்ம சிஷ்யன். கை காட்டுன எடத்துல நிறுத்துவான்.”

*

பர்லியாரில் குளிர் இல்லை. பழக்கடைகளுக்கு எதிரே ஜீப் நின்றது. அதன் பின்பக்கம் ஒரு அட்டைப் பெட்டிமேல் கண்ணாடி போட்ட ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். பெயர் பாலன் என்றான். கம்ப்யூட்டர் பிரிவில் புரோகிராமர்.

“பெட்டி தூக்க டிரைவர் போதாதா? புரோகிராமரே எதற்கு வருகிறீர்கள்?” என்று கேட்டாள் யூனிஸ்.

“மங்குஸ்தான் வாங்கலாம்னு வந்தேனுங்க.”

செல்லக்கண்ணு கடைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். பலாப்பழம் இருந்தது, கொய்யா இருந்தது, பழத்துக்குக் காவலாக ஒரு குரங்கு இருந்தது. “மங்குஸ்தான் மரத்துல இன்னும் பிஞ்சே புடிக்கலையே தம்பி. ஒவ்வொரு வாரமும் வந்து பூவையா பாத்துட்டுப் போறீங்?”

யூனிஸ் ஆண்டாயியின் இரண்டு அட்டைகளையும் அவன் மடியில் வைத்தாள். “முகர்ந்து பாருங்கள். ஒன்று குன்னூரில் பிறந்தது. இன்னொன்று நீங்கள் போட்டது.”

பாலன் முகர்ந்து பார்க்கவில்லை. அவன் முகம் வெளுத்துவிட்டது. ஆண்டாயியைப் பார்த்தான், அவள் யார் என்று யாரும் சொல்லாமலே அவனுக்குப் புரிந்துவிட்டது.

“நான் கொல்லலைங்க” என்றான் மெதுவாக. “ஒளிச்சு வெச்சேன்.”

“யாரிடமிருந்து?”

“இந்தப் பட்டியலை வீடு குடுக்கறதுக்குன்னுதான் எடுத்தாங்க. இப்ப சில தோட்ட முதலாளிங்களுக்கும் ஒரு பிரதி போகுது. வேலை குடுக்கத்தான் கேக்கறாங்கன்னு எங்க மேலதிகாரி சொன்னாரு. ஆனா, எழுபத்தொன்பதுல ஓட்டை இருக்கறவங்களைத் தனித் தாள்ல அடிச்சுக் குடுக்கணும்னு சொன்னாங்க. அவங்கெல்லாம் சிலோன்ல சங்கத்துல இருந்தவங்க, ஸ்ட்ரைக் பண்ணுனவங்க. அந்தத் தாள்ல பேரு இருந்தா இந்த மலையில ஒரு தோட்டத்துலயும் வேலை கெடைக்காதுங்க.”

ஆண்டாயி இடுப்பில் கை வைத்து நின்றாள். “அந்தக் கேள்விக்கு நா ஆமான்னு சொன்னேந்தான். கேம்ப்புல அந்த ஐயா சிரிச்ச மொகமாக் கேட்டாரு, சங்கத்துல இருந்தியான்னு. மாதர் சங்கத் தலைவின்னு நிமிந்து நின்னு சொன்னேன். அங்க சங்கத்து ஆளுன்னா ஒரு மருவாதி. எங்க பாஸ்போட்டுக்கு அலைஞ்சு எழுதிக் குடுத்ததே சங்கந்தான். சொன்னா வீடு சுருக்காக் கெடைக்கும்னு நெனச்சு, பக்கத்துல நின்னவங்களையும் நாந்தாங்க சொல்லச் சொன்னேன்.”

யூனிஸுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வேலைக்கென்று கேட்டு வாங்கிய தகவலை, சொன்னவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேறு வேலைக்கு எடுத்தால் அதற்குப் பெயர் களவு. திறமை என்று சொல்லித்தான் சென்னையில் அவளுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார்கள்.

“துளை இல்லாமல் புது அட்டை போட்டிருக்கலாமே?”

“அந்த ஓட்டை ஒரு தடவ கம்ப்யூட்டர் டேப்புல ஏறுனா எறங்காதுங்க. அப்படி எழுதச் சொன்னாங்க, அப்படித்தான் எழுதுனேன். ஆளு செத்தா மட்டுந்தான் அந்தப் பட்டியல்ல இருந்து கழியும். அதான்...” பாலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “யாருகிட்டயும் சொல்லலைங்க. சொல்ல எனக்கு ஆளுமில்ல. மெஷின் ரூமுல நானும் ஏசி சத்தமுந்தான்.”

“செத்தவர்கள் பட்டியல் வேறு எங்கே போகிறது, தெரியுமா?”

“இல்லைங்க. நான் அடிச்சுக் குடுப்பேன், எடுத்துட்டுப் போவாங்க.”

“வீடு ஒதுக்குகிற அலுவலகத்துக்குப் போகிறது. சனிக்கிழமை இவர் அறையில் வேறு குடும்பம் குடி வருகிறது.”

பாலன் பெட்டியிலிருந்து எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான்.

“ஆக, உசிரோட இருந்தா வேலை இல்ல, செத்துப் போனா ஊடு இல்ல” என்றார் செல்லக்கண்ணு. “நல்லாத்தான் எழுதிருக்கீங் தம்பி புரோகிராமு.”

ஆண்டாயி பாலனுக்குக் கிட்டே போனாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனை இன்னும் குறுக வைத்தது. “கேம்ப்புல கேட்டவரு எதுக்குன்னு சொல்லல. நீங்க எனக்கு நல்லது செஞ்சீங்க, ஆனா என்கிட்ட கேக்கவே இல்ல. ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே தம்பி.”

“தப்புதாங்கம்மா.”

“என்னய உசிராக்கிருங்க. தேயில வேலை இல்லாட்டி கேரட்டுத் தோட்டத்துல கூலிக்குப் போறேன். காம்பரா போனா எங்க போயி நிப்பேன்?”

“அதுக்குச் சாட்சி வேணுமேம்மா. நானா மாத்துனா அடுத்த வாரமே புடிச்சுருவாங்க.”

யூனிஸ் பாலனைப் பார்த்தாள். “ஒளித்து வைத்தது இவரை மட்டுமா?”

அவன் தயங்கிவிட்டு சட்டைக்குள் கையை விட்டான். ரப்பர் பேண்டு போட்ட ஒரு அட்டைக் கட்டு வெளியே வந்தது. பெட்டியில் சொருகப்படாமல் காத்திருந்த சாவுகளும், ஏற்கனவே நடந்து முடிந்த சாவுகளின் நகல்களும். மலையிலிருந்து இறங்கும் பெட்டியில், ஆபீஸ் போய்ச் சேரும் முன்பே அவற்றைச் சொருகத்தான் அவன் வாராவாரம் மங்குஸ்தான் வாங்க வந்தான்.

யூனிஸ் ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பார்த்தாள். தோட்டத்தின் எண் இருக்கும் இடத்தை மட்டும் படித்துக்கொண்டே போனாள். வேறு, வேறு, வேறு. ஓர் அட்டையில் கை நின்றது. ஆண்டாயியின் அதே தோட்டம். இப்போது இருக்கும் இடம் நடுவட்டம். பெயரையும் படித்தாள். பிறகு அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

“கெடைச்சுருச்சுங்களா? யாருங் அது?” செல்லக்கண்ணு எட்டிப் பார்த்தார்.

“சொல்ல மாட்டேன்.”

“என்னங் மேடம் இது! நாளைக்கு ஒரு நாளுதானுங் இருக்கு.”

“சாட்சிக்கு வந்தால் அந்த ஆளும் உயிராக வேண்டும். உயிரானால் அந்தத் தாளில் பெயர் ஏறும். இப்போதிருக்கிற வேலை போகும். அதைச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். கேட்கும் முன்னால் பெயரை எடுத்துக் கொடுத்தால், கேம்ப்பில் சிரித்த மனிதருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?” யூனிஸ் ஆண்டாயியிடம் திரும்பினாள். “உங்கள் தோட்டத்து ஆள் ஒருவர் பக்கத்தில்தான் இருக்கிறார். அவர் சம்மதித்தால்தான் பெயர் சொல்வேன். சம்மதிக்காவிட்டால்...”

இத்தனை நாளும் ஒருவரும் இல்லை என்று இருந்தவளிடம், இருக்கிறார்கள் ஆனால் சொல்ல மாட்டேன் என்று சொல்வது கொடுமைதான். யூனிஸுக்கே அது தெரிந்திருந்தது.

“கேட்டுட்டே சொல்லுங்கம்மா” என்றாள் ஆண்டாயி கடைசியில். “ஒருக்கா நா கேக்காம சொல்ல வெச்சது போதும்.”

*

நடுவட்டத்தில் மறுநாள் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. எடை போடும் இடத்தில் பெண்கள் கொழுந்துக் கூடையோடு கூடியிருந்தார்கள். மலையாளமும் கன்னடமும் கலந்து இரைச்சலாக இருந்தது. ஒருத்தி மட்டும் தள்ளி நின்றாள். இடுப்பில் நனையாமல் இருக்கக் கட்டிய படங்குச் சாக்கு, முகத்தில் யாரையும் எதிர்பார்க்காத ஓர் அமைதி. அவள்தான் அந்த அட்டையில் இருந்த சின்னம்மை.

யூனிஸ் அவளை ஓரமாக அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். துளை எதற்கு, தாள் எங்கே போகிறது, வந்தால் என்ன போகும் என்பதை முதலில் சொன்னாள். யாருக்காக என்பதைக் கடைசியில்தான் சொன்னாள். செல்லக்கண்ணு வாயைத் திறக்கவில்லை. அவரும் ஒருநாள் அப்படி இருப்பார் என்று யூனிஸ் நினைத்ததே இல்லை.

“நா வரலைன்னா?” என்றாள் சின்னம்மை.

“நாங்கள் வந்தது யாருக்கும் தெரியாது. உங்கள் பெயரை அவருக்குச் சொல்ல மாட்டேன்.”

“அவ சொல்லித்தாங்க நானும் சங்கம்னு சொன்னேன்.”

“அவரே சொன்னார்.”

சின்னம்மை கூடையின் கயிற்றைத் திருகிக்கொண்டே நின்றாள். “இங்க வேலை நல்ல வேலைங்க. லயத்து வீடும் ஒழுகாது. ஆனா நா வாயத் தொறந்தா பக்கத்துல சிரிக்கிறாங்க, சிலோன் பேச்சுன்னு. அதனால கதைக்கிறதையே விட்டுட்டேன். என் சத்தமே எனக்கு மறந்து போச்சு.” மூடுபனியைப் பார்த்தாள். “அவ எப்பிடி இருக்கா?”

பொய் சொல்லலாமா என்று யூனிஸ் ஒரு கணம் யோசித்தாள். “தனியாக இருக்கிறார்.”

சின்னம்மை குனிந்து இடுப்புச் சாக்கை அவிழ்த்து மடித்தாள். லீவு கேட்க மேஸ்திரியிடம் நடந்தாள்.

*

சனிக்கிழமை காலை. ஒதுக்கீட்டு அதிகாரி சின்னம்மையின் எண்ணைப் பட்டியலில் தேடினார். தேடி முடித்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

“செல்லாது” என்றார். “சாட்சி சொல்ல வந்தவளே இறந்தவள். போன மாதமே.”

வெளியே வேறொரு குடும்பம் பாத்திர மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தது. முதலில் சாட்சி, பிறகு சின்னம்மையை உயிராக்குவது என்று யூனிஸ் கணக்குப் போட்டிருந்தாள்; செத்தவளின் சாட்சி செல்லாது என்பதை யோசிக்கவில்லை. துளைகளைப் படித்தவள், அந்த அட்டையின் விளைவைப் படிக்கவில்லை.

“விதியைப் படித்துக் காட்டுங்கள்” என்றாள்.

“எதற்கு?”

“படியுங்கள் சார்.”

அதிகாரி சலிப்போடு படித்தார். “சம்பந்தப்பட்டவருடன் இலங்கையில் ஒரே தோட்டத்தில் வசித்த ஒருவர் நேரில் ஆஜராகி அடையாளம் கூற வேண்டும்.”

“ஒரே தோட்டம். பட்டியலிலேயே இருக்கிறது. நேரில் ஆஜர். எதிரே நிற்கிறார். உயிரோடிருக்க வேண்டும் என்று அதில் எங்கே எழுதியிருக்கிறது?”

“அது... அதைத் தனியாக எழுத வேண்டுமா என்ன?”

“கம்ப்யூட்டர் எழுதியதைத்தான் செய்யும், எழுதாததைச் செய்யாது. நான் புரோகிராமராக இருந்தவள் சார். நீங்களும் கம்ப்யூட்டர் சொல்வதைத்தானே கேட்கிறீர்கள்? எழுதியபடி செய்யுங்கள்.”

“இல்லாட்டி, செத்தவங்க வந்து பேசுனாங்கன்னு நீங்க மேல எழுதிப் போட்டுருங்” என்றார் செல்லக்கண்ணு பணிவாக. “மேல இருக்கறவங்க உங்களுக்கு லீவு குடுத்து நல்ல டாக்டராப் பாப்பாங்க.”

அதிகாரி நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார். வியர்வை இல்லாத ஊரில் அவருக்கு வியர்த்தது. கடைசியில் பேனாவை எடுத்தார்.

“இவளை உனக்குத் தெரியுமா?”

சின்னம்மை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே வந்ததிலிருந்து அவள் கண் ஆண்டாயியை விட்டு நகரவே இல்லை. “என்னடி ஆண்டாயி, இப்பிடித் தேஞ்சு போயிட்டே” என்றாள். குரல் கரகரத்தது, பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல். “ஒங்கூட்டுக்கார அண்ணன் போயிட்டாராமே. எனக்கு ஒரு சேதி சொல்ல நாதியில்லையாடி?”

ஆண்டாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதிகாரி அதற்கு மேல் கேட்காமல், ஆண்டாயி உயிரோடிருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே காத்திருந்த குடும்பத்துக்கு வேறு அறை பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பினார்.

பிறகு சின்னம்மையின் எண்ணுக்கு நேரே விரலை வைத்தார். இந்த முறை அவர் குரலில் கொஞ்சம் சங்கடம் இருந்தது.

“நீயும் உயிராக வேண்டுமே அம்மா. வேண்டாமென்றால் இப்படியே விட்டுவிடுகிறேன்; அந்தத் தாள் விஷயம் எனக்கும் தெரியும், உன் வேலையாவது மிஞ்சும். வேண்டுமென்றால், உனக்கு யார் சாட்சி?”

சின்னம்மை யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. கடைசியில், உயிராகத்தான் வேண்டும் என்று தலையசைத்தாள்.

ஆண்டாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“நாந்தாங்க” என்றாள்.